கடன் இருக்கும்போதும் தசமபாகம் கொடுத்தே ஆக வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது முதல் பார்வைக்குக் கணக்குக் கேள்விதான். பிடித்தம் போக கைக்கு வருவது 38,000 ரூபாய். கிரெடிட் கார்டில் 90,000 பாக்கி. இந்த நிலையிலும் வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் என்று மாதம் 3,800 ரூபாயைச் சபைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமா என்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஆறு மாதமாகத் தசமபாகம் நின்றுபோனதால்தான் அப்பாவின் ஆபரேஷன் செலவு வந்தது என்று போதகர் சொல்லியிருக்கிறார். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வரி என்று நினைக்கிறேன். ஆக, உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. தசமபாகம் கிறிஸ்தவருக்குச் சட்டமா? கொடுக்காதவர் வீட்டுக்கு வரும் நோய் தண்டனையா? சட்டம் இல்லை என்றால் எவ்வளவு கொடுப்பது? இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று தயங்காமல் சொல்லலாம். முதலாவதில் நல்ல விசுவாசிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. சான்றுகள் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கின்றன, அவ்வளவுதான். மூன்றாவதில் நான் எழுதுவது இறையியலும் சபைக் கணக்குகளும் தெரிந்த ஒருவரின் ஆலோசனை; வேதவாக்கு அல்ல.

மோசேயின் சட்டத்தில் தசமபாகம் எதன்மேல் விழுந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். லேவியராகமம் 27:30-33 சொல்வது நிலத்தின் தானியம், மரத்தின் கனி, ஆடுமாடு. மந்தையைக் கோலின் கீழ் கடக்கவிட்டு, பத்தாவதாக வருவதை நல்லதா நோஞ்சானா என்று பாராமல் ஒதுக்க வேண்டும். தானியத்துக்குப் பதில் பணமாகக் கொடுத்து மீட்டுக்கொள்ள நினைத்தால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆக, பணம் அன்றும் புழக்கத்தில் இருந்தது. ஆனாலும் தச்சன், மீனவன், கூலியாள் ஆகியோரின் வருமானத்தில் பத்தில் ஒன்று என்று சட்டத்தில் ஓரிடத்திலும் இல்லை. வாங்கியவர்கள் யார் என்பதை எண்ணாகமம் 18 சொல்கிறது: ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட கோத்திரமான லேவியர். மற்றக் கோத்திரங்களைப் போல் அவர்களுக்குக் காணியாட்சி கிடையாது. நிலத்துக்குப் பதிலாக வந்தது இந்தப் பங்கு. அவர்களும் தாங்கள் பெற்றதில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுத்தார்கள்.

உபாகமம் 14-க்கு வந்தால் படம் இன்னும் மாறுகிறது. அங்கே விளைச்சலின் பத்தில் ஒன்றைக் கொண்டுபோய்க் கர்த்தருடைய சந்நிதியில் கொடுத்தவரே குடும்பத்தோடு சாப்பிட வேண்டும். ஊர் தூரமென்றால் அதை விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு போய், ஆடு, மாடு, திராட்சரசம், மது என்று மனம் விரும்பியதை அங்கே வாங்கிச் சந்தோஷப்படலாம். (26-ஆம் வசனம், பிரசங்கங்களில் அதிகம் காதில் விழாத வசனம்.) மூன்றாம் ஆண்டின் பங்கை மட்டும் ஊருக்குள்ளேயே வைத்து லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் கொடுக்க வேண்டும். இவை ஒரே தசமபாகத்தின் வெவ்வேறு பயன்களா, இரண்டு மூன்று தனித்தனித் தசமபாகங்களா என்பது இன்றும் தீராத விவாதம். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு மூன்று என்கிறார். கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள தோபித்து நூலும் அப்படியே சொல்கிறது. அந்தக் கணக்கை ஏற்றால் சில ஆண்டுகளில் விகிதம் பத்தைத் தாண்டி இருபதுக்கும் மேலே போகும். நிலம் சும்மா கிடக்கும் ஏழாம் ஆண்டில் விதைப்பே இல்லை. ‘வேதம் சொல்லும் 10 சதவீதம், மாதாமாதம், சம்பளத்தில், சபைக்கு’ என்ற வாய்பாட்டின் நான்கு பகுதிகளில் ஒன்றுகூட மோசேயின் சட்டத்தில் அந்த வடிவத்தில் இல்லை.

இனி தீர்க்கதரிசி மல்கியாவின் நூல், 3-ஆம் அதிகாரம். தேவனை வஞ்சிக்கிறீர்கள், சாபத்துக்கு உள்ளாகியிருக்கிறீர்கள், தசமபாகங்களைப் பண்டசாலைக்கு (ஆலயக் களஞ்சியத்துக்கு) கொண்டுவாருங்கள் என்ற வசனங்கள். போதகர் உங்களிடம் சொன்னது இதைத்தான். இந்த நூல் எழுந்த சூழலை அறிய நெகேமியா 13-ஐ அருகில் வைத்து வாசிக்க வேண்டும்; இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவை என்பது பெரும்பாலான அறிஞரின் கருத்து. லேவியருக்குப் பங்கு வராததால் பாடகர் உட்பட எல்லாரும் ஆலயத்தை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள். நெகேமியா தசமபாகத்தை மறுபடி வரவைத்ததோடு நிற்கவில்லை. பண்டசாலைக்கு ஓர் ஆசாரியர், ஒரு வேதபாரகர், ஒரு லேவியர், துணைக்கு இன்னொருவர் என்று நம்பத்தக்கவர்களைப் பொறுப்பில் வைத்தார். மல்கியாவின் கண்டனம் ஒரு தேசத்தை நோக்கியது, தேசத்தின் ஆலய ஏற்பாடு குலைந்ததைப் பற்றியது. அதே அதிகாரத்தின் 5-ஆம் வசனம் கூலிக்காரரின் கூலியை அபகரிப்பவர்களுக்கும் விதவைகளை ஒடுக்குகிறவர்களுக்கும் எதிராகத் தேவனே சாட்சியாக வருவார் என்கிறது. காணிக்கை நேரத்தில் 10-ஆம் வசனத்தைச் சொல்பவர்கள் ஐந்து வசனம் மேலே போனால், சபைக்குள் வேலையாட்களை வைத்திருப்பவர்களிடம் பேச நிறைய இருக்கும்.

அந்தச் சாபத்தை இன்றைய ஒரு விசுவாசியின் வீட்டு நோயோடு முடிச்சுப் போட வேதத்தில் இடமில்லை. நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) சாபத்திலிருந்து கிறிஸ்து நம்மை மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 வெளிப்படையாகச் சொல்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி ‘யார் செய்த பாவம்’ என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு பதில் சொன்னார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்கிறார் (லூக்கா 13). யோபுவின் நண்பர்கள் நாள்கணக்காகச் சொன்னதையே உங்கள் போதகரும் சொல்லியிருக்கிறார். கடைசி அதிகாரத்தில் தேவனின் கோபம் அந்த நண்பர்கள்மேல்தான் மூள்கிறது. அவர் எந்த எண்ணத்தில் சொன்னார் என்பதை உங்கள் தரப்பை மட்டும் கேட்டுவிட்டு நான் தீர்மானிக்க முடியாது. பணத்தாசை இல்லாத போதகர்களும் தாங்கள் கற்றதை அப்படியே சொல்வதுண்டு. சொன்ன போதனை தவறு என்பது வரை உறுதி.

தசமபாகம் இன்றும் கட்டாயம் என்பவர்களின் வாதங்களைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. வலுவானவை இரண்டு. மோசேக்கு முன்பே ஆபிராம் (ஆபிரகாம்) சாலேமின் ராஜாவும் ஆசாரியருமான மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒன்று கொடுத்தார், ஆகவே அது சட்டத்துக்கு முந்தியது என்பது ஒன்று. ஆனால் ஆதியாகமம் 14-இல் அவர் கொடுத்தது போரில் மீட்ட பொருளிலிருந்து, ஒரே ஒரு முறை. மீதியையும் தனக்கென்று ஒரு நூலளவும் வைத்துக்கொள்ளாமல் சோதோமின் ராஜாவிடம் விட்டுவிட்டார். அதை மாதச் சம்பளத்துக்கு விதியாக்குவது கடினம். மற்றொன்று மத்தேயு 23:23. பரிசேயர் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டதைக் கண்டித்த இயேசு, இதையும் செய்ய வேண்டும், அதையும் விடக் கூடாது என்கிறார். இது வலுவான வசனம்தான். எனினும் ஆலயமும் லேவியரும் பலிகளும் நடைமுறையில் இருந்தபோது, அந்தச் சட்டத்தின் கீழிருந்தவர்களிடம் சொன்னது. பிறஇனத்து விசுவாசிகள் எதையெல்லாம் கைக்கொள்ள வேண்டும் என்று எருசலேமில் கூடி முடிவெடுத்து எழுதிய கடிதத்தில் (அப்போஸ்தலர் 15) தசமபாகம் இல்லை. காணிக்கையைப் பற்றி மிக விரிவாக எழுதிய பவுலும் பத்து என்ற அளவைக் குறிப்பிடவே இல்லை. அசெம்பிளிஸ் ஆஃப் காட், செவன்த் டே அட்வென்டிஸ்ட் போன்ற சபைகள் தசமபாகத்தை இன்றும் போதிக்கின்றன. அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வாதிடலாம். ஆனால் கொடுக்காதவருக்கு நோய் வரும் என்பது அந்த விவாதத்தின் பகுதியே அல்ல.

பவுல் என்ன ஏற்பாடு செய்தார் என்பது எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. எருசலேமின் ஏழைகளுக்காக அவர் சேர்த்த உதவி அது. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதை வீட்டிலேயே எடுத்துவைக்க வேண்டும். அவர் வந்தபின் அவசரமாக வசூலிக்கக் கூடாது (1 கொரிந்தியர் 16:2). ஒருவனிடம் இருப்பதைக் கொண்டே அளக்க வேண்டும், இல்லாததைக் கொண்டல்ல. மற்றவர்களுக்குச் சுகமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்பது நோக்கமல்ல, சமநிலைதான் நோக்கம் (2 கொரிந்தியர் 8:12-14). விசனமாயும் அல்ல, கட்டாயமாயும் அல்ல (9:7). பணத்தை அவர் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குறைசொல்ல இடமில்லாதபடி தன் உடன் ஊழியர் தீத்துவோடு சபைகள் தேர்ந்தெடுத்தவரையும் அனுப்பினார் (8:19-21). திட்டமிடல், வசதிக்கேற்ற அளவு, கணக்குக் காட்டுதல் மூன்றும் இருக்கின்றன, சதவீதம்தான் இல்லை.

முதல் நூற்றாண்டுகளின் சபையும் அப்படியே நடந்தது. ‘திதாகே’ என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூல், ஊருக்கு வரும் தீர்க்கதரிசி மூன்றாம் நாளும் தங்கினாலோ பணம் கேட்டாலோ அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. இன்று இதைச் சுவரொட்டி அடித்து ஒட்டலாம். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தீன், வசதியும் விருப்பமும் உள்ளவர்கள் தங்களுக்குச் சரியென்று பட்டதைக் கொடுக்கிறார்கள், அது அநாதைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகிறது என்கிறார். வட ஆப்பிரிக்காவின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், மாதம் ஒருமுறை, முடிந்தால் மட்டும், யாரையும் வற்புறுத்துவதில்லை என்கிறார். தசமபாகம் சட்டமாக மாறியது வெகு பின்னால். 585-இல் பிரான்சின் மாக்கோன் நகரில் கூடிய ஆயர்கள் கொடுக்காதவரைச் சபைக்குப் புறம்பாக்குவதாக அறிவித்தார்கள். 779-இல் ஃபிராங்கிய அரசர் சார்லமேன் அதை அரசாங்கச் சட்டமாக்கினார். அதன்பின் விவசாயிகளின் களத்து மேட்டில் வசூலிக்கும் வரியானது. பிரெஞ்சுப் புரட்சி 1789 ஆகஸ்டில் அதை ஒழிக்க முடிவு செய்தது. இங்கிலாந்தில் 1836-இல் தானியத்துக்குப் பதில் பணமாக மாற்றி, கடைசி மிச்சம் 1977-இல்தான் ஒழிந்தது. நம் பக்கத்திலும் இதன் சாயல் உண்டு: கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களில் மீன்பாட்டில் ஒரு பங்கு கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனது, அதை வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி, அவரவர் வசதிக்கேற்பத் திருச்சபையின் தேவைகளுக்கு உதவ வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தோமா அக்குவினா இதைத் தெளிவாகப் பிரித்துவைத்தார்: ஊழியம் செய்பவரைத் தாங்குவது அறநெறிக் கடமை, பத்தில் ஒன்று என்ற அளவு அந்தந்தக் காலத்துச் சட்ட ஏற்பாடு. எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது.

அப்படியானால் கடமை உண்டு. உங்கள் போதகருக்கு மளிகைச் செலவு இருக்கிறது, ஆலயத்துக்குக் கரண்ட் பில் வருகிறது. கொடுக்கவே வேண்டாம் என்று என் பதிலை வாசித்துவிடாதீர்கள். வரிசைதான் முக்கியம். கிரெடிட் கார்டுக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்தால் 90,000-க்கு வட்டி 3,150 ரூபாய்; அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 567. மாதம் 3,717 ரூபாய் அசலைத் தொடாமலே போகிறது, கிட்டத்தட்ட உங்கள் தசமபாகத் தொகை. மாதம் 4,500 மட்டும் கட்டிவந்தால் கடன் அடைய ஏறக்குறைய 43 மாதம் ஆகும். அதனுடன் 3,000 சேர்த்து 7,500 கட்டினால் 17 மாதத்தில் முடிந்துவிடும். வங்கியிடம் கேட்டுப் பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்ற முடிந்தால் இன்னும் சீக்கிரம். எனவே என் ஆலோசனை: அந்த 3,800-இல் 3,000 கார்டுக்கு, 800 காணிக்கைக்கு. 800 என்பது உங்கள் வரவில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். அதில் 500 சபைக்கு, 300 உங்கள் தெருவிலேயே தேவையில் இருக்கும் ஒருவருக்கு. சம்பளம் வந்த அன்றே எடுத்துவையுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கலாம் என்றால் மிஞ்சாது. கடன் அடைந்த மாதத்திலிருந்து 5 சதவீதமாக்கி, ஒவ்வொரு சம்பள உயர்வுக்கும் ஒரு சதவீதம் கூட்டுங்கள். பத்தை அடைந்ததும் நிறுத்தச் சொல்லும் வசனமும் இல்லை.

கடனை முதலில் வைப்பது சாக்கு அல்ல. கடன் வாங்கித் திருப்பிச் செலுத்தாதவனைத் துன்மார்க்கன் என்கிறது சங்கீதம் 37:21. பிறருடைய பணத்தில் காணிக்கை போடுவதில் பெருமை இல்லை. அப்பாவின் மருந்துச் செலவும் அப்படியே. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் ‘காணிக்கையாக நேர்ந்துவிட்டேன்’ என்று சொல்லித் தப்பித்தவர்களை இயேசு மாற்கு 7-இல் நேருக்கு நேர் கண்டிக்கிறார். சொந்த வீட்டாரைக் கவனியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. ஆபரேஷனுக்கு நீங்கள் செலவழித்தது தேவனிடமிருந்து திருடியது அல்ல, அவர் சொன்ன இடத்தில் கொடுத்தது.

பிடித்தத்துக்கு முன்பா, பின்பா என்று பலர் கேட்கிறார்கள். வருமான வரியும் பிஎஃப்பும் வேதத்துக்குத் தெரியாத விஷயங்கள். கைக்கு வருவதில் கணக்கிட்டால் தவறில்லை, பிஎஃப் திரும்பி வரும்போது அதிலிருந்து கொடுக்கலாம். கடை வைத்திருப்பவர் விற்றுமுதலில் அல்ல, லாபத்தில் பார்க்க வேண்டும். விற்றுமுதலில் பத்து சதவீதம் எடுத்தால் சில்லறை வியாபாரம் படுத்துவிடும். தவறு நேர்வது பெரும்பாலும் வேறு இடத்தில். காணிக்கைக்காகக் கடன் வாங்குவது, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை ‘விதைப்பது’, நோய் குணமாக இவ்வளவு என்று பேரம் வைப்பது. பல மடங்காகத் திரும்ப வரும் என்று பணத்தை விதைபோலக் கொடுக்கும் இந்த விதைக் காணிக்கை வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க ஊழியர் ஓரல் ராபர்ட்ஸ்; 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இதைக் கடுமையாக மறுத்தவர்கள் நாத்திகர்கள் மட்டுமல்ல. உலகளாவிய நற்செய்தி இயக்கமான லொசான் இயக்கத்தின் இறையியலாளர்கள் 2008-லும் 2009-லும் கானா நாட்டில் கூடி, விசுவாசித்துக் கொடுத்தால் செல்வமும் சுகமும் வரும் என்ற செழிப்புப் போதனை வேதத்தைத் திரிக்கிறது என்று அறிக்கை எழுதினார்கள். நூறத்தனையாகத் திரும்பக் கிடைக்கும் என்ற மாற்கு 10:30-ஐ மேற்கோள் காட்டுபவர்கள் அதே வசனத்தில் உள்ள ‘துன்பங்களோடேகூட’ என்பதைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள்.

உங்கள் கேள்வியின் கீழே ஒருவர், ‘நான் மாதம் 3 லட்சம் சம்பாதிக்கிறேன், 30,000 தவறாமல் கொடுக்கிறேன், ஆசீர்வாதமாக இருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறார். அவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பத்து சதவீத விதியில் எனக்குள்ள பெரிய மனக்குறை அங்கேதான். 15,000 சம்பாதிப்பவர் 1,500 கொடுத்தால் அது அரிசிப் பணம். 3 லட்சத்தில் 30,000 போனாலும் மீதி 2,70,000 இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. விதி ஏழையை நெருக்குகிறது, பணக்காரரை எளிதில் விட்டுவிடுகிறது. இயேசு ஒருவரிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்னார். வரி வசூலிப்பவரான சகேயு பாதியைக் கொடுத்ததை ஏற்றார். யோவன்னாள், சூசன்னாள் என்ற பெண்கள் தங்கள் ஆஸ்தியால் ஊழியம் செய்ததை மறுக்கவில்லை. பணக்காரர் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற வசனத்தை, எருசலேமில் அந்தப் பெயரில் ஒரு சிறிய வாசல் இருந்தது, ஒட்டகம் மண்டியிட்டால் நுழைந்துவிடும் என்று சொல்லித் தேற்றுவார்கள். அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. நான்காம் நூற்றாண்டில் செசரேயாவின் ஆயர் பசிலியார், நீ பூட்டிவைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் கிடக்கும் மேலாடை உடையில்லாதவனுடையது என்று பிரசங்கித்தார். பேச்சோடு நில்லாமல் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் நகருக்கு வெளியே பெரிய இல்லமும் கட்டினார். மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் ஒருவரைச் சொல்வார் (அது அவரேதான் என்பது பலரின் கருத்து): ஆண்டு வருமானம் 30 பவுண்டு இருந்தபோது 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார், 60 ஆனபோதும் 28-இலேயே வாழ்ந்து 32 கொடுத்தார், 120 ஆனபோது 92. செலவை நிறுத்திவைத்துவிட்டுக் கொடுப்பதை வளரவிட்ட கணக்கு. அதிகம் சம்பாதிப்பவர் முயன்று பார்க்க வேண்டியது இதை. 30,000 கொடுத்துவிட்டு வீட்டு வேலைக்கு வருபவருக்குச் சம்பளம் குறைத்துப் பேசுபவர் என்றால், யாக்கோபு 5:4-ஐயும் மல்கியா 3:5-ஐயும் ஒருமுறை வாசிக்கட்டும்.

கொடுக்கும் இடத்தையும் பாருங்கள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது திரையில் வரும் பெயர் சபையுடையதா, போதகருடையதா? வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து உண்டா? பொருளாளர் போதகரின் உறவினரா? ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து சபைக் கூட்டத்தில் வாசிக்கிறார்களா? ரசீது கிடைக்கிறதா? இவற்றைக் கேட்பது அவிசுவாசம் அல்ல. பவுல் யாரும் கேட்பதற்கு முன்பே செய்துகாட்டினார். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் மேடையில் வாசிக்கும் சபையில், ஏழைகள் மெல்ல மெல்லப் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள்.

கடைசியாக, சந்தா பாக்கி இருந்தால் திருமண ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க மாட்டோம், கல்லறையில் இடம் தர மாட்டோம் என்றும் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இது தசமபாகம் அல்ல. சங்கக் காணிக்கை, ஆண்டுச் சந்தா என்று சபைக்குச் சபை பெயர் மாறும் உறுப்பினர் தொகை. இதற்கும் மல்கியாவுக்கும் தொடர்பில்லை, சபையின் விதிமுறைப் புத்தகத்தோடுதான் தொடர்பு. அதில் தொகை எவ்வளவு, பாக்கி இருந்தால் என்ன செய்யலாம், இயலாதவருக்கு விலக்கு உண்டா என்று எழுதியிருக்கும். எழுதியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். விலக்கு இருந்தால் அப்பாவின் ஆஸ்பத்திரிப் பில்லின் நகலோடு கமிட்டிச் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். விலக்கு இல்லையென்றால் மாதம் 500 கொடுக்கப் போகிறீர்களே, அதில் முதலில் சந்தா பாக்கியை வரவு வைத்து ரசீது போடச் சொல்லுங்கள்.